வெள்ளையரிசியும் புழுங்கலரிசியும்: மலாயாவின் பெரிபெரி ஆய்வுகளும் குடல்வாழ் நுண்ணுயிர்க் கொள்கையும்

முன்னுரை

மனிதன் உண்ணும் உணவு அவனுக்கு மட்டும் உரியதன்று. அவன் குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கும் அதுவே உணவாகின்றது. வயதுவந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாகவும், அவற்றின் மொத்த எடை ஏறத்தாழ 200 கிராம் எனவும் 2016ஆம் ஆண்டில் வெளியான கணக்கீடு ஒன்று தெரிவித்தது. இவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை பெருங்குடலில் இருப்பவை. செரிமானம், நோயெதிர்ப்பு, சர்க்கரையின் அளவு எனப் பலவற்றில் இவற்றின் பங்கு இன்று ஆராயப்படுகின்றது.

இக்கருத்து புதியது போலத் தோன்றினும், உணவு, குடல், நுண்ணுயிர் ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு நோயை விளக்கும் முயற்சி நம் நாட்டிலேயே ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் நடைபெற்றுள்ளது. அந்நோய் பெரிபெரி. அம்முயற்சி முதலில் தவறான வழியிற் சென்றது; பின்னர் அத்தவறு திருத்தப்பட்டது. திருத்தத்திற்குத் துணைநின்ற சான்றுகளுள் ஒன்று, மலாயாவிற்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் சோற்றுப்பானையில் இருந்தது. இக்கட்டுரை அவ்வரலாற்றை 1900 முதல் 1936 வரையிலான காலத்தை மையமாகக் கொண்டு ஆராய்ந்து, இன்றைய குடல்வாழ் நுண்ணுயிர் ஆய்வுகளின் ஒளியில் அதனை மதிப்பிட முற்படுகின்றது.

ஒரே நாடு, மூவகை அரிசி

பெரிபெரி என்பது நரம்புகளையும் இதயத்தையும் தாக்கும் நோயாகும். கால்கள் மரத்துப் போதல், நடை தள்ளாடுதல், உடல் வீங்குதல், மூச்சுத் திணறல் ஆகியன அதன் அறிகுறிகள். இதயம் தாக்கப்படின் நோயாளி சில நாள்களிலேயே இறக்கவும் கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் இந்நோய் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அவர்களுள் மிகப் பலர் சீனச் சுரங்கத் தொழிலாளர் ஆவர்.

அக்காலத்தில் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் அரசு மருத்துவராக விளங்கிய வில்லியம் லெனார்டு பிராடன் இந்நோயின் பரவலில் ஓர் ஒழுங்கைக் கண்டார். சீனத் தொழிலாளர்கள் சயாமிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த, நீராவி ஆலையில் நன்கு தீட்டப்பட்ட வெள்ளைப் பச்சரிசியை உண்டனர். அவர்களிடையே நோய் மிகுந்திருந்தது. மலாய்க்காரக் குடியானவர்கள் தம் வயலில் விளைந்த நெல்லை வேண்டும்போது வீட்டிலேயே குத்தி உண்டனர். அவர்களிடம் நோய் அரிதாக இருந்தது. தோட்டங்களிலும் இரயில் பாதைப் பணிகளிலும் ஈடுபட்ட தமிழர்கள் இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்ட புழுங்கலரிசியை உண்டனர். அவர்களும் பெரும்பாலும் இந்நோய்க்கு ஆளாகவில்லை.

தட்பவெப்பம், மண், நீர் ஆகியன மூவருக்கும் பொதுவாக இருந்தன. ஒரே ஊரில், அருகருகே வாழ்ந்தோரிடையேயும் இவ்வேறுபாடு காணப்பட்டது. ஆகவே வேறுபாட்டின் காரணம் அரிசியாகவே இருத்தல் வேண்டும் என்பது பிராடனின் முடிவு. இதனை அவர் 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட விரிவான நூலில் நிறுவ முயன்றார். எனினும் அரிசியில் என்ன குறை என்னும் வினாவிற்கு அவர் அளித்த விடை அக்காலச் சிந்தனையைச் சார்ந்ததாகவே அமைந்தது. உமி நீக்கிச் சேமித்து வைக்கப்பட்ட பச்சரிசியில் ஏதோவொரு நுண்ணுயிர் வளர்ந்து நஞ்சினை உண்டாக்குகின்றது என்றும், அவித்தலால் புழுங்கலரிசி அதனின்று காக்கப்படுகின்றது என்றும் அவர் கருதினார்.

கிருமியைத் தேடிய காலம்

பிராடனின் விளக்கத்தைப் புரிந்துகொள்ள அக்கால மருத்துவச் சூழலை அறிதல் இன்றியமையாதது. இராபர்ட்டு கோக் 1882இல் காசநோய்க் கிருமியையும், அதனையடுத்து வாந்திபேதிக் கிருமியையும் அடையாளங் கண்டார். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி உண்டு என்னும் நம்பிக்கை வலுப்பெற்றது. பெரிபெரியும் சிறை, கப்பல், படைமுகாம் போன்ற நெருக்கமான இடங்களில் கூட்டங்கூட்டமாகத் தோன்றியமையால் அது தொற்றுநோயாகவே காட்சியளித்தது.

கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநராக அமெரிக்கரான ஹாமில்டன் ரைட்டு பொறுப்பேற்றார். கோலாலம்பூர்ச் சிறைக் கைதிகளிடையே நிலவிய பெரிபெரியை ஆராய்ந்து 1902இல் அவர் தம் கொள்கையை வெளியிட்டார். ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிர் வாய் வழியாக உடலினுள் புகுந்து, இரைப்பையின் அடிப்பகுதியிலும் முன்சிறுகுடலிலும் பெருகி, அங்கு நஞ்சினைச் சுரக்கின்றது. அந்நஞ்சு குருதியில் கலந்து நரம்புகளைத் தாக்குகின்றது என்பதே அக்கொள்கையாகும். அதாவது, குடலில் வாழும் பாக்டீரியா ஒன்று உடல் முழுவதையும் நோய்ப்படுத்துகின்றது என்னும் கருத்து 1902லேயே கோலாலம்பூரில் எழுத்தில் பதிவாகியுள்ளது.

இக்கொள்கையின் விளைவு நடைமுறையிலும் இருந்தது. நோய் தொற்றுவது எனக் கொண்டால், கட்டடங்களைத் தூய்மைப்படுத்துவதும் நோயாளிகளைப் பிரித்து வைப்பதுமே தீர்வாகும். உணவை மாற்ற வேண்டிய தேவை எழாது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டாலும் தட்டில் வெள்ளையரிசிச் சோறு தொடரும் நிலையை அத்தகைய விளக்கம் அனுமதித்தது. காரணத்தைத் தவறாகக் கணித்தல் எத்துணை உயிர்களைப் பாதிக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஜப்பானும் ஜாவாவும் காட்டிய வழி

உணவே காரணம் என்னும் கருத்திற்கு ஆதாரங்கள் முன்னரே இருந்தன. ஜப்பானியக் கடற்படை மருத்துவரான தக்காக்கி கனெஹிரோ உணவுமுறையில் மாற்றம் செய்து இதனைச் சோதித்தார். 1882 – 83ஆம் ஆண்டுகளில் நெடும்பயணம் மேற்கொண்ட ஒரு போர்க்கப்பலில் 376 பேருள் 169 பேர் பெரிபெரிக்கு ஆளாகி 25 பேர் இறந்தனர். 1884இல் அதே போன்ற பயணத்தை மேற்கொண்ட மற்றொரு கப்பலில் இறைச்சி, பார்லி முதலியன கூட்டப்பட்டன. 14 பேர் மட்டுமே நோயுற்றனர், எவரும் இறக்கவில்லை. ஆயினும் புரதக் குறைவே நோய்க்குக் காரணம் எனத் தக்காக்கி எண்ணியமை சரியன்று. தீர்வு சரியாகவும் விளக்கம் தவறாகவும் அமைந்ததற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஜாவாவில் டச்சு அரசு 1886இல் பெக்கல்ஹாரிங்கு, விங்களர் என்னும் இரு மருத்துவரைக் கிருமியைக் கண்டறிய அனுப்பியது. அவர்களுக்குப் பின் பத்தேவியா ஆய்வுக்கூடத்தின் பொறுப்பேற்ற கிறிஸ்தியான் எய்க்குமான், ஆய்வுக்கூடக் கோழிகள் பெரிபெரி போன்ற நரம்புநோய்க்கு ஆளானதைக் கண்டார். படைமருத்துவமனையின் சமையலறையில் மிஞ்சிய வெள்ளையரிசிச் சோறு சிலகாலம் அக்கோழிகளுக்கு இடப்பட்டிருந்தது. புதிய சமையற்காரர் அச்சோற்றைத் தர மறுத்தபின் தீட்டாத அரிசி இடப்படவே கோழிகள் நலம்பெற்றன. எய்க்குமானின் வேண்டுகோளின்படி, ஃபோர்டர்மன் ஜாவாவின் நூறளவான சிறைகளை ஆராய்ந்தபோதும், வெள்ளையரிசி வழங்கப்பட்ட சிறைகளிலேயே நோய் மிகுந்திருந்தது.

ஆயினும் எய்க்குமான் கண்ட விளக்கமும் நஞ்சுக் கொள்கையே. வெள்ளையரிசியின் மாப்பொருள் நரம்புக்குக் கேடான நஞ்சினைத் தோற்றுவிக்கின்றது, அரிசியின் மேற்றோல் அதனை முறிக்கின்றது என அவர் முதலில் எண்ணினார். மாப்பொருள் குடலில் நுண்ணுயிர்களால் சிதைவதன் வழி அந்நஞ்சு தோன்றக்கூடும் என்பதும் அக்கருத்தின் ஒரு கூறு. அவருக்குப் பின் பணியாற்றிய கெரிட்டு கிரின்ஸ் 1901இல் இதனை மறுத்தார். தவிட்டிலும் பச்சைப்பயற்றிலும் உள்ள ஏதோவொரு பொருள் நரம்பு மண்டலத்திற்கு இன்றியமையாதது. அது உணவில் இல்லாமையே நோய் என்றார் அவர். ‘இருப்பது’ நோயாக்கும் என்று மட்டும் எண்ணிய காலத்தில் ‘இல்லாமை’யும் நோயாக்கும் என்று கூறியது பெருந்திருப்பமாகும்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனைச் சோதனை

பிராடனின் கருத்தை ஐயுற்ற மருத்துவர்களுள் வில்லியம் ஃபிளட்சரும் ஒருவர். அவர் பெரிபெரி ஒரு தொற்றுநோய் என்று நம்பியவர். தம் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளக் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் அவர் ஒரு சோதனையை மேற்கொண்டார். 1905 டிசம்பரில் தொடங்கிய இச்சோதனை 1906ஆம் ஆண்டு இறுதி வரை நீடித்தது.

நோயாளிகள் வரிசையாக நிறுத்தப்பட்டு எண்ணப்பட்டனர். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு பிரிவிலும் இரட்டைப்படை எண்ணினர் மற்றொரு பிரிவிலும் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குச் சயாம் வெள்ளையரிசியும் மற்றப் பிரிவினருக்கு இந்தியப் புழுங்கலரிசியும் வழங்கப்பட்டன. ஏனைய உணவுகளில் வேறுபாடில்லை. கட்டடமே நோயின் இருப்பிடமாக இருக்கலாம் என்னும் ஐயத்தை நீக்க, இடையில் இரு பிரிவினரும் தங்கிய இடங்கள் ஒன்றுக்கொன்று மாற்றப்பட்டன.

முடிவு தெளிவாக இருந்தது. வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 30க்கும் மேற்பட்டோர் பெரிபெரிக்கு ஆளாயினர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவரிடம் மட்டுமே அந்நோய் காணப்பட்டது. அவ்விருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். பெரிபெரியால் அப்பிரிவில் எவரும் இறக்கவில்லை. ஃபிளட்சர் இம்முடிவுகளை 1907இல் ‘லான்செட்டு’ மருத்துவ இதழில் வெளியிட்டார்.

இவண் குறிப்பிடத்தக்க கூறுகள் இரண்டு உள. முதலாவது, தம் நம்பிக்கைக்கு மாறான முடிவை ஃபிளட்சர் மறைக்காமல் வெளியிட்டமை. எனினும் கிருமிக் கொள்கையை அவர் முற்றிலும் கைவிடவில்லை. வெள்ளையரிசியில் நஞ்சு இருக்கலாம், அல்லது சத்துக் குறைவு இருக்கலாம், அல்லது அச்சத்துக் குறைவால் மெலிந்த உடலில் ஒரு கிருமி எளிதிற் புகலாம் என மூன்று வழிகளையும் அவர் திறந்தே வைத்தார்.

இரண்டாவது, அச்சோதனைக்கு உள்ளானவர்களின் நிலை. அவர்கள் மனநோயாளிகள், தம் இசைவைத் தெரிவிக்கவோ மறுக்கவோ வாய்ப்பற்றவர்கள். வெள்ளையரிசியே அன்றைய வழக்கமான உணவு என்பதும், அதன் தீமை அன்று ஐயமற நிறுவப்படவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் அப்பதினெண்மரின் இறப்பின் மீதே நம் அறிவின் ஒரு பகுதி கட்டப்பட்டுள்ளது. அவர்களின் பெயர்கள் மருத்துவ வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை.

நெகிரி செம்பிலான் சாலைப் பணியாளர்

மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் இவ்வினாவைச் சிறை, மருத்துவமனை ஆகியவற்றின் சுவர்களுக்கு வெளியே கொண்டுசென்றனர். நெகிரி செம்பிலானின் காட்டுப்பகுதியில் சாலை அமைக்க ஒப்பந்தத்தில் வந்திருந்த ஜாவானியத் தொழிலாளர் ஏறக்குறைய 300 பேரை அவர்கள் 1907 முதல் கண்காணித்தனர். புதிய இடம், புதிய குடியிருப்பு, உடல்நலம் மிக்க தொழிலாளர் என்பதால் பழைய கட்டடத்தின் தொற்று என்னும் வாதத்திற்கு இடமில்லை.

ஒரு குழுவினருக்கு வெள்ளையரிசியும் மறு குழுவினருக்குப் புழுங்கலரிசியும் வழங்கப்பட்டன. ஏறத்தாழ மூன்று மாத அளவில் வெள்ளையரிசி உண்டோரிடையே பெரிபெரி தோன்றியது. புழுங்கலரிசி உண்டோர் நலமாக இருந்தனர். பின்னர் அரிசி மாற்றி வழங்கப்பட்டபோது நோயும் குழு மாறியது. இவ்வாய்வு 1909இல் நூலாக வெளிவந்தது.

அதன்பின் அவர்கள் கோழிகளைக் கொண்டு மேலும் சோதித்தனர். புதிதாகத் தீட்டிய வெள்ளையரிசியும் கோழிகளுக்கு நரம்புநோயை உண்டாக்கியது. எனவே பழைய அரிசியில் வளரும் நுண்ணுயிரே காரணம் என்ற பிராடனின் கருத்து வலுவிழந்தது. அரிசியுடன் தவிட்டைச் சேர்த்து இட்டபோது நோய் தோன்றவில்லை. தவிட்டைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறும் அதே பயனைத் தந்தது. நஞ்சு என்று ஒன்றில்லை. தீட்டும்போது ஒரு நற்பொருள் நீங்கிவிடுகின்றது என்பது உறுதியாயிற்று. அரிசியில் பாஸ்பரஸ் பென்டாக்சைடின் அளவு 0.4 விழுக்காட்டிற்குக் குறையின் அவ்வரிசி மட்டுமே முதன்மை உணவாவது தீங்கு என்னும் நடைமுறை அளவுகோலையும் அவர்கள் வகுத்தனர். பாஸ்பரஸே மருந்து என்பது அதன் பொருளன்று. தவிடு எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அளக்கும் அடையாளமாகவே அது பயன்பட்டது. 1910இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தொடர்ந்து வெள்ளையரிசியை முதன்மை உணவாகக் கொள்வதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானித்தது.

தவிட்டிலிருந்து தயமின்

தவிட்டில் உள்ள பொருளைப் பிரித்தெடுக்கும் முயற்சி பல நாடுகளில் நடைபெற்றது. காசிமிர் ஃபங்கு 1912இல் அத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ என்னும் பெயரை முன்மொழிந்தார். 1926இல் பத்தேவியாவில் யான்சனும் டோனத்தும் அரிசித் தவிட்டிலிருந்து அதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். எய்க்குமானுக்கு 1929இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1936இல் இராபர்ட்டு வில்லியம்ஸ் அதன் வேதியியல் அமைப்பை நிறுவிச் செயற்கையாகவும் உருவாக்கினார். அதுவே தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தாகும்.

நம் முன்னோர் பெயரறியாமலே பயன்கொண்ட செயல்முறை இதனால் விளங்கிற்று. நெல்லை நீரில் ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் செறிந்துள்ள தயமின் நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவுகின்றது. மாப்பொருள் கூழ்மமாகி இறுகுவதால் அது உள்ளேயே தங்கிவிடுகின்றது. பின்னர் உமியும் தவிடும் நீக்கப்பட்டாலும், அரிசியைக் களைந்தாலும், இழப்புக் குறைவாகவே இருக்கும். உடலில் ஏறத்தாழ 30 மில்லிகிராம் தயமினே சேமிப்பில் இருக்கும்; வயதுவந்தவரின் அன்றாடத் தேவையோ ஒரு மில்லிகிராமிற்குச் சற்று மேல். ஆகவே அது உணவில் குன்றினால் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் நோய் தோன்றும். சாலைப் பணியாளரிடையே நோய் உடனே தோன்றாமல் மூன்று மாத அளவில் தோன்றியதன் காரணமும் இதுவே.

குன்னூரும் கோப்பன்ஹேகனும்

உயிர்ச்சத்துக் கொள்கை வென்றபின் குடலும் அதன் நுண்ணுயிர்களும் பெரிபெரி வரலாற்றிலிருந்து மறைந்துவிட்டன எனக் கருதலாம். உண்மையில் அவை வேறு வாயிலாக மீண்டும் நுழைந்தன.

நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 1918இல் பெரிபெரி ஆய்வுப் பிரிவு ஒன்று இராபர்ட்டு மெக்காரிசனின் தலைமையில் தொடங்கப்பட்டது. பின்னாளில் ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்து இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது இப்பிரிவே ஆகும். உயிர்ச்சத்துக் குன்றிய உணவை விலங்குகளுக்கு அளித்து ஆராய்ந்த மெக்காரிசன், நரம்புகள் மட்டுமன்றிக் குடலும் சீர்கெடுவதைக் கண்டார். குடற்சுவர் நலிகின்றது, நலிந்த குடலில் நுண்ணுயிர்கள் தீங்கு விளைவிக்கின்றன என்பது 1921இல் வெளிவந்த அவரது நூலின் கருத்துகளுள் ஒன்று. ரைட்டு ‘கிருமியே முதல், நோய் அதன் விளைவு’ என்றார். மெக்காரிசன் ‘உணவே முதல், குடலில் கிருமியின் ஆதிக்கம் அதன் விளைவு’ என்றார். மெக்காரிசனும் நோரிசும் 1924இல் வெளியிட்ட ஆய்வு, சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் மாவட்டங்களில் பச்சரிசி உண்டோரிடையே பெரிபெரி நிலவியதையும் எடுத்துக்காட்டியது.

1927இல் கோப்பன்ஹேகனில் ஃபிரிடெரிசியாவும் அவர்தம் துணைவரும் வியப்பிற்குரிய ஒன்றைக் கண்டனர். பி உயிர்ச்சத்து இல்லாத உணவை உண்ட எலிகளுள் சில, மெலிந்த நிலையிலிருந்து தாமாகவே நலம்பெற்றன. அவ்வெலிகளின் எச்சத்தைச் சிறிதளவு உண்ட பிற எலிகளும் அவ்வாறே தேறின. சமைக்காத மாப்பொருள் செரிக்கப்படாமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகி, அவை உயிர்ச்சத்தை உருவாக்கித் தந்தன என்பது இதன் விளக்கம். குடல்வாழ் பாக்டீரியா நஞ்சினை மட்டும் தருவதன்று, ஊட்டத்தையும் தரவல்லது என்பதற்கு இஃது ஒரு தொடக்கச் சான்றாகும்.

இன்றைய ஆய்வும் பழைய வினாவும்

மனிதக் குடலில் காணப்படும் 256 பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வு, அவற்றுள் பல பி வகை உயிர்ச்சத்துகளைத் தாமே உருவாக்கும் திறன் பெற்றவை என்றும், பிற அத்திறன் அற்றவை என்றும் காட்டியது. திறனற்றவை, நாம் உண்ணும் உணவிலிருந்தோ அண்டைப் பாக்டீரியாவிடமிருந்தோ உயிர்ச்சத்தைப் பெற வேண்டும். பெருங்குடலுக்கு நன்மை செய்வதாகக் கருதப்படும் ஃபேகலிபாக்டீரியம் இனமும் தயமினுக்குப் பிறவற்றை நம்பியிருப்பதேயாம். பாக்டீரியா உருவாக்கும் தயமின் வடிவத்தைப் பெருங்குடற் செல்கள் உறிஞ்சுவதற்கான புரதம் ஒன்றும் 2014இல் அடையாளங் காணப்பட்டது.

இவற்றைக் கொண்டு குடல்வாழ் பாக்டீரியாவே நமக்குத் தேவையான தயமினைத் தந்துவிடும் என முடிவு செய்தல் பொருந்தாது. அதற்கு மலாயாவின் வரலாறே எதிர்ச்சான்றாகும். ஃபிளட்சரின் நோயாளிகளுக்கும் குடலில் பாக்டீரியா இருந்தது. அது அவர்களைக் காக்கவில்லை. எலிகளுக்குக் கிட்டிய பாதுகாப்பு, நன்கு வெந்த வெள்ளைச் சோற்றை உண்ட மனிதர்க்குக் கிட்டவில்லை. ஃபிரிடெரிசியாவின் எலிகளுக்கும் மாவை வேகவைத்து அளித்தபோது அந்நற்பேறு வாய்க்கவில்லை என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. எளிதிற் செரிக்கும் மாப்பொருள் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலின் பாக்டீரியாக்களுக்கு எஞ்சுவது சிறிதே.

தவிடும் நார்ச்சத்தும் செரிமானத்திற்கு இணங்காத மாப்பொருளும் பெருங்குடலை அடையும்போது, பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்து அசிட்டேட்டு, புரோப்பியோனேட்டு, பியூட்டிரேட்டு ஆகிய கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. இவற்றுள் பியூட்டிரேட்டு பெருங்குடற் செல்களின் முதன்மையான ஆற்றல் மூலமாகும். இந்நோக்கில், தீட்டுதல் என்பது அரிசியிலிருந்து இரண்டு பொருள்களை நீக்குகின்றது. ஒன்று மனிதனுக்கு நேராகத் தேவைப்படும் தயமின். மற்றொன்று அவன் குடல்வாழ் நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் நார்ப்பொருள். முதலாவதன் இழப்பு மூன்று மாதத்தில் வெளிப்பட்டமையால் அறிஞர் அதனைக் கண்டுகொண்டனர். இரண்டாவதன் இழப்பு மெல்ல, பல்லாண்டுகள் கழித்து, பிற காரணங்களோடு கலந்தே வெளிப்படும். ஆதலால் அதனைக் கண்டறிய நெடுங்காலம் ஆயிற்று.

தமிழர் உணவு பற்றி ஒரு மதிப்பீடு

இவ்வரலாற்றைத் தமிழரின் உணவு மேன்மைக்குச் சான்றாக மட்டும் படித்தல் போதாது. புழுங்கலரிசி தோட்டத் தமிழரைப் பெரிபெரியினின்று காத்தது உண்மை. ஆனால் அதே தமிழர்கள் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் கொக்கிப்புழுவாலும் பெருந்தொகையினராக மாண்டனர். ஓர் அரிசி ஒரு நோயைத் தடுத்தது. வறுமையையும் சதுப்பு நிலத்தையும் அது தடுக்கவில்லை.

அப்பாதுகாப்பு இனத்திற்கு உரியதன்று, உணவிற்கே உரியது என்பதும் பின்னர் மிகக் கொடிய முறையில் மெய்ப்பட்டது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில், 1942 – 43ஆம் ஆண்டுகளில், சயாம் – பர்மா இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். தீட்டிய அரிசியும் பற்றாக்குறை உணவுமே கிட்டிய அம்முகாம்களில் வாந்திபேதி, வயிற்றுக்கடுப்பு, மலேரியா ஆகியவற்றோடு பெரிபெரியும் உயிர்களைக் குடித்தது. முப்பதாண்டுகளுக்கு முன்னரே காரணமும் தீர்வும் கண்டறியப்பட்ட நோய் அது. அறிவு இருந்தும் அது தட்டிற்கு வந்து சேரவில்லை.

இன்று மலேசியாவில் பெரிபெரி அரிதாகிவிட்டது. நம் இல்லங்கள் பலவற்றில் புழுங்கலரிசியின் இடத்தை நன்கு தீட்டிய வெள்ளையரிசி பிடித்துக்கொண்டுள்ளது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, வயதுவந்த மலேசியருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையேதான் அவ்விகிதம் மிகுதி. இதற்கு அரிசி ஒன்றே காரணம் எனக் கூறுதல், பெரிபெரிக்கு ஒரு கிருமியே காரணம் எனக் கூறியதைப் போன்ற எளிமைப்படுத்தலாகும். மரபு, உடலுழைப்புக் குறைவு, இனிப்பு, உண்ணும் அளவு எனக் காரணங்கள் பல. எனினும், தீட்டிய தானியத்தின் மிகுதியும் நார்ச்சத்தின் குறைவும் அவற்றுள் சேர்த்து எண்ணத்தக்கவையே. புழுங்கலரிசிச் சோறு ஆறும்போது செரிமானத்திற்கு இணங்காத மாப்பொருள் ஓரளவு கூடுவதும், இரவில் நீரூற்றி வைத்த பழைய சோற்றில் இலாக்டிக அமிலப் பாக்டீரியாக்கள் பெருகுவதும் அறியப்பட்ட செய்திகள். அவற்றை மருந்தெனப் போற்றாமல், நல்லுணவின் ஒரு பகுதியாகக் கருதுதல் தகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகளை இவ்வாறு தொகுக்கலாம். பெரிபெரி குடலில் வளரும் கிருமியால் தோன்றுவது என்னும் கொள்கை 1902இல் கோலாலம்பூரில் எழுந்தது. அதே நகரிலும் அண்டை மாநிலத்திலும் நிகழ்ந்த சோதனைகளே 1906 முதல் 1911 வரையிலான காலத்தில் அதனை மறுத்தன. அம்மறுப்பிற்குத் தமிழரின் புழுங்கலரிசி ஒப்பீட்டுச் சான்றாக அமைந்தது. குடல்வாழ் நுண்ணுயிர் பற்றிய சிந்தனை பின்னர்க் குன்னூரிலும் கோப்பன்ஹேகனிலும் வேறு வடிவில் உயிர்பெற்று, இன்று விரிந்த துறையாக வளர்ந்துள்ளது.

ரைட்டு உடலைக் குடலோடு இணைத்ததில் தவறில்லை. உணவை விட்டுவிட்டு நுண்ணுயிரை மட்டும் நோக்கியதே தவறு. குடல்வாழ் பாக்டீரியாவே அனைத்து நோய்க்கும் மூலம் என்றும், அதனைக் குளிகையால் திருத்திவிடலாம் என்றும் இன்று எழும் ஆரவாரங்களை மதிப்பிடும்போது இப்பாடம் நினைவிற்கு வருதல் நன்று. நுண்ணுயிரைக் கேட்பதற்கு முன் தட்டில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். அவ்வினாவை 1906இல் கேட்டவருக்குக் கிடைத்த விடையின் விலை பதினெட்டு உயிர்கள். அவர்களின் பெயர்களை நாம் அறியோம். அவர்கள் விட்டுச் சென்ற விடையையேனும் மறவாதிருத்தல் நம் கடனாகும்.